காப்பாளர் கையொப்பம்

காலை ஆறு மணிக்கு உள்ளே போனால் மாலை ஆறு மணிக்கு வெளியே வந்துவிடலாம். அதற்குள் ஆறு மாதப் பயிற்சி முடிந்திருக்கும். கல்லூரி அச்சடித்துக் கொடுத்த தாளில் முதல் வரி இதுதான். பெற்றோர்கள் யாரும் அதற்குக் கீழே படிக்கவில்லை. பெண்ணை ஆறு மாதம் வெளியூரில் விட வேண்டாம், விடுதி தேட வேண்டாம். ஒரு பகல் போதும்.

நன்மாறனும் அதற்குக் கீழே படிக்கவில்லை. அவன் பெற்றோர் அல்ல, கணவன். கல்யாணமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. செவ்வந்திக்கு பார்மசி படிப்பில் கடைசி வருடம். நர்சு, வக்கீல், வாத்தியார், எஞ்சினியர், எந்தத் தொழில் படிப்பானாலும் பயிற்சிக் காலத்தை முடிக்காதவருக்குப் பட்டம் இல்லை என்று சட்டம் வந்து வெகு காலம் ஆகிவிட்டது. சம்பளம் கிடையாது. இடத்தையும் கல்லூரிதான் தேர்ந்தெடுக்கும். இந்த முறை ஒரு மருந்துக் கம்பெனியின் சோதனைக் கூடம்.

போகிக்கு முதல் நாள், திங்கட்கிழமை, இருட்டு பிரியும்போதே இருவரும் வண்டியில் கிளம்பினார்கள். திருமங்கலம் சாலையில் பனி இறங்கியிருந்தது. செவ்வந்தி பின்னால் உட்கார்ந்து பையை மடியில் இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு இந்த வருசத்துல ரெண்டு பொங்கல்," என்றான்.

"உள்ள ஏது பொங்கல்? வெயிலும் கிடையாது, மழையும் கிடையாது. டியூப் லைட்டுதான்."

"அந்தக் கம்பெனிக்கு அப்படி என்ன அவசரம்?"

"ஒரு மாத்திர எத்தன மாசம் கெடாம இருக்கும்னு டப்பாவுல போடணும்ல? அத்தன மாசம் அலமாரில வச்சு, அப்பப்ப எடுத்துச் சோதிச்சுப் பாத்தாத்தான் போட முடியும். வெளிய வச்சா வருசக்கணக்குல காத்துக் கெடக்கணும். அந்தக் கூடத்துக்குள்ள வச்சா, வெளிய ஒரு நாள் போறதுக்குள்ள உள்ள ஒரு வருசம் ஓடிரும்."

"எப்படி ஓடுது?"

"அது எங்க சாருக்கே தெரியாது. கேட்டா போர்டுல ஒரு கோடு போட்டு, இதுதான் காலம்னுவாரு. அந்தக் கோட்ட வளச்சு விட்டுட்டு, புரிஞ்சுச்சாம்பாரு."

அவன் சிரித்தான். அவள் அவன் முதுகில் தட்டினாள்.

"சாயங்காலம் வரும்போது ஆறு மாசம் மூத்திருப்பேன். வாங்க போங்கன்னு பேசணும்."

"அப்பவும் ஒனக்கு மூணர வருசம் மூத்தவன்டி நானு."

கூடம் வெளியிலிருந்து பார்க்க ஒரு குளிர்பதனக் கிடங்கு மாதிரி இருந்தது. ஜன்னல் இல்லாத சாம்பல் நிறச் சுவர். அகலமான இரும்புக் கதவு. வாசலில் பேராசிரியர் குருபாதம் பட்டியலை வைத்துக்கொண்டு நின்றார். கல்லூரியில் பயிற்சிக்குப் பொறுப்பு அவர்தான். நாற்பத்திரண்டு பெண்கள். போன் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கூடையில் போயிற்று. எஸ்தர் என்று நடுத்தர வயது சூப்பர்வைசர் ஒருவரும் அவர்களோடு உள்ளே போனார். சரியாக ஆறு மணிக்குக் கதவு மூடியது.

நன்மாறன் வேலைக்குப் போனான். பைக் ஷோரூம் ஒன்றில் கடன் பத்திரப் பிரிவில் இருந்தான். வாடிக்கையாளரை உட்கார வைத்து, இங்கே, இங்கே, அப்புறம் இங்கே என்று விரலால் காட்டிப் பதினான்கு இடத்தில் கையெழுத்து வாங்குவது அவன் வேலை. ஐந்தரை மணிக்கு அனுமதி கேட்டுக் கிளம்பி கூடத்து வாசலுக்கு வந்தான்.

ஆறு மணிக்குக் கதவு திறக்கவில்லை.

ஆறு பத்துக்குக் காவலாளி வந்தார். "குருபாதம் சார் கைரேக வச்சாத்தான் தொறக்கும். சார் மத்தியானமே ஊருக்குப் போயிட்டாரு. பொங்கல்ல?"

"போன் போடுங்க."

"போட்டாச்சு தம்பி. ஸ்விட்ச் ஆப்."

நன்மாறன் மனதுக்குள் போட்டுப் பார்த்தான். வெளியே ஒரு நிமிடம் என்றால் உள்ளே ஆறு மணி நேரம். வெளியே ஒரு மணி நேரம் என்றால் உள்ளே பதினைந்து நாள். காவலாளியோடு பேசிக்கொண்டிருந்த நேரத்தில் உள்ளே ஒரு பொழுது போயிருந்தது.

நாற்பத்திரண்டு குடும்பங்கள் சாலையோரம் நின்றன. செவ்வாய்க்கிழமை போலீஸ் வந்தது. பெற்றோர்கள் கதவை உடைக்கச் சொன்னார்கள். உடைத்தால் உள்ளே இருப்பவர்கள் உயிருக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று கம்பெனியிலிருந்து ஒருவர் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளைப் படித்துவிட்டு போலீசும் ஓரமாக நின்றது. குருபாதத்தின் சொந்த ஊருக்கு இரண்டு பேர் கார் எடுத்துப் போய்த் தேடி வெறும் கையோடு திரும்பினார்கள். புதன்கிழமை ஏழெட்டுத் தாய்மார்கள் கதவுக்கு எதிரில் மூன்று செங்கல் வைத்துப் பொங்கல் வைத்தார்கள். பால் பொங்கி வழிந்தது. யாரும் குரல் கொடுக்கவில்லை. அப்போது உள்ளே இரண்டு வருடம் முடிந்திருந்தது.

சனிக்கிழமை காலை குருபாதம் வந்தார். நெற்றியில் புது விபூதி. ஊரில் காய்ச்சலில் படுத்துவிட்டதாகவும் அங்கே சிக்னலே இல்லை என்றும் சொன்னார். இரண்டு பேர் அவர் சட்டையைப் பிடித்தார்கள். போலீஸ் விலக்கிவிட்டது. கைரேகை வைத்தார். கதவு திறந்தபோது மணி சரியாக ஆறு.

ஓடி வருவார்கள் என்று நன்மாறன் நினைத்திருந்தான். யாரும் ஓடவில்லை. வரிசையாக வந்தார்கள். வெளுத்த முகங்கள். வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினார்கள். தாங்களே வெட்டிக்கொண்ட முடி. பிள்ளைகளாகப் போனவர்கள் பெரிய பெண்களாக வந்தார்கள். கூட்டத்தில் ஒரு தகப்பன் தன் மகளைத் தாண்டிப் போய் வேறு எவளையோ பார்த்துக்கொண்டு நின்றார். மகள் போய் அவர் கையைத் தொட வேண்டியிருந்தது.

செவ்வந்தி கடைசியில் வந்தாள். அவள் இடுப்பில் முகத்தை அழுத்திக்கொண்டு ஒரு குழந்தை நடந்து வந்தது. பெண் குழந்தை. நான்கு வயதிருக்கும்.

காவலாளி பட்டியலைப் பார்த்தார். "இது யாரும்மா? லிஸ்ட்ல இல்லையே?"

"என் பொண்ணு," என்றாள்.

குழந்தை ஒரு கண்ணைத் திறந்து மேலே பார்த்தது. உடனே மூடிக்கொண்டது. "அம்மா, மேல ஒண்ணுமே இல்லம்மா," என்று கத்தியது.

நன்மாறன் முன்னால் போனான். "செவ்வந்தி," என்றான். அடுத்து, நீ எப்படி இருக்கே என்று கேட்க வேண்டும். 'நீ' வரவில்லை. எதிரில் நின்றவளுக்கு இருபத்தெட்டு வயது. அவனுக்கு இருபத்தேழு.

"தாரணி," என்று அவள் குழந்தையைக் காட்டினாள். "உள்ள போகும்போதே இருந்திருக்கா. ஒன்ற மாசம். எனக்குத் தெரியல." பிறகு அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். பதில் எதையோ எதிர்பார்க்கிற பார்வை. அவன் குழந்தையைப் பார்த்தான்.

குழந்தை பிறந்தது உள்ளே எட்டாம் மாதத்தில். வெளியே அது திங்கட்கிழமை இரவு ஒன்பது மணி. அவன் அப்போது எதிர்க் கடையில் பரோட்டா தின்றுகொண்டிருந்தான்.

வீட்டில் அவன் அம்மா குழந்தையைத் தூக்கவில்லை. கதவோரம் நின்று விரலை மடக்கி மடக்கி எண்ணினாள்.

"திங்கக்கெழம போனவ, சனிக்கெழம நாலு வயசுப் பிள்ளையோட வந்து நின்னா, ஊருக்கு நான் என்னத்தச் சொல்றது?"

"உள்ள ஆம்பளையே கிடையாது அத்த," என்றாள் செவ்வந்தி. கோபம் இல்லாமல் சொன்னாள். "அலமாரியும் மாத்திரையும்தான். பேத்தி மூக்கப் பாருங்க, ஒங்க மூக்கு."

அம்மா பார்த்தாள். அடுப்படிக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு தட்டில் பருப்பு சாதம் பிசைந்து எடுத்துக்கொண்டு வந்தாள்.

தாரணி வீட்டுக்குள் சந்தோஷமாக இருந்தது. கூரை இருந்தால் போதும். வெளியே போகக் குடை வேண்டும். நாற்பத்தோரு சித்திகள் சொல்லிக் கொடுத்ததில் எல்லாம் படித்தது. மருந்துக் குப்பி, சோப்பு உறை, கையில் கிடைத்தது எதுவானாலும் உரக்கப் படிக்கும். நன்மாறனை அது 'சார்' என்று கூப்பிட்டது. ஆண்களைப் பற்றி அதற்குத் தெரிந்தது சித்திகள் கதையில் வரும் 'குருபாதம் சார்' மட்டும்தான்.

மூன்று நாள் செவ்வந்தி அதிகம் பேசவில்லை. நான்காம் நாள் மத்தியானம், குழந்தை தூங்கியபின், அவனே ஆரம்பித்தான்.

"அந்த ஆளு காய்ச்சல்ல விழாம இருந்திருந்தா..."

"காய்ச்சலா?" என்றாள். "அரிசி தீரவே இல்லைங்க."

அவனுக்குப் புரியவில்லை.

"ஆறு மாசத்துக்குப் போனோம். பின்னாடி கிடங்க தொறந்தா அரிசி மூட்ட கூரை வரைக்கும் நிக்குது. பருப்பு, எண்ண, சோப்பு, தீப்பெட்டி, எல்லாம். எங்க கிளாசு நஸ்ரின்தான் ஒக்காந்து எண்ணுனா. நாப்பத்து மூணு பேருக்கு அஞ்சு வருசத்துக்கு இருந்துச்சு. மறந்து போயிட்டுப் பூட்டுனவன் அஞ்சு வருசத்துக்கு அரிசி வைப்பானா?"

நன்மாறன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"புது மருந்து ஒண்ணு. அஞ்சு வருசம் கெடாதுன்னு கம்பெனி காட்டணும். நடுவுல கதவத் தொறந்தா சோதன செல்லாது. அவ்வளவுதான் விசயம். பொங்கல் லீவு அவங்களுக்கு வசதி."

"எஸ்தர் மேடத்துக்கு?"

"தெரிஞ்சேதான் வந்தாங்க. வெளிய அஞ்சு நாள்தானேன்னு. பையன அவங்க அக்கா வீட்டுல விட்டுட்டு வந்தாங்களாம். ரெண்டாவது வருசத்துலருந்து அவங்களும் எங்ககூடச் சேந்து அழுதாங்க." அவள் சேலை நுனியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். "மூணாம் மாசம் அவங்ககிட்டப் போயி, மேடம், எனக்குத் தள்ளிப் போயிருக்குன்னேன். அவங்க முகத்துல ஒரு ஆச்சரியமும் இல்ல. எந்திரிச்சுப் போயி ஒரு அலமாரியத் தொறந்தாங்க. பால்பவுடர் டின்னு, ரெண்டு வருசத்துக்கு. குளிர்பெட்டில தடுப்பூசி. பொறந்தன்னைக்குப் போடுறது, ஒன்ற மாசத்துக்குப் போடுறது, எல்லாம் வரிசையா."

"அவங்களுக்கு எப்படி..."

"உடம்பு நல்லா இருக்குன்னு சர்ட்டிபிகேட் வாங்க ரத்தம் எடுத்தாங்கல்ல, உள்ள போறதுக்கு முந்தின வாரம். அதுல தெரிஞ்சிருக்கு. என்கிட்ட சொல்லல." கொஞ்சம் நிறுத்தினாள். "காப்பாளர்கிட்ட சொல்லியாச்சுன்னு இருந்துச்சு."

"என்னது?"

"ஆறு மாசம் முடிஞ்சு கதவு தொறக்கல. எல்லாரும் கத்துனோம், சாப்பிட மாட்டோம்னு ஒக்காந்தோம். அப்ப எஸ்தர் மேடம் ஆளுக்கு ஒரு தாள் கொண்டாந்து குடுத்தாங்க. பயிற்சிக் காலம் அஞ்சு வருசம், சம்மதம்னு காப்பாளர் கையெழுத்து. எனக்கு மட்டும் ரெண்டு தாள். கர்ப்பம் இருக்கற விவரம் காப்பாளருக்குத் தெரிவிக்கப்பட்டது, உள்ளே அனுப்பச் சம்மதம். கீழ ஒங்க கையெழுத்து."

கல்யாணமான பெண்ணுக்குக் காப்பாளர் கணவன் என்று கல்லூரி வைத்திருந்தது. இருபத்து மூன்று வயதுப் பெண்ணுக்கு எதற்குக் காப்பாளர் என்று யாரும் கேட்கவில்லை. மார்கழி தொடக்கத்தில் கல்லூரி அலுவலகத்துக்கு அவனை வரச் சொன்னார்கள். ஒரு கிளார்க் நாலு தாளை விசிறி மாதிரி விரித்துப் பிடித்தார். கையெழுத்துப் போடும் இடம் மட்டும் தெரிந்தது. "தேதி மட்டும் போடாதீங்க சார், நாங்க போட்டுக்கறோம்," என்றார். நன்மாறனுக்கு அந்த வாக்கியம் வித்தியாசமாகவே படவில்லை. தினமும் இருபது தடவை அவனே சொல்கிற வாக்கியம்தான் அது. நாலு இடத்தில் போட்டுவிட்டு, பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான்.

அதை அவளிடம் சொன்னான். ஒன்று விடாமல் சொன்னான். "வெறுந்தாள் செவ்வந்தி. எதுவுமே எழுதியிருக்கல. எனக்குத் தெரியாது."

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நம்புறியா?"

தாரணி தூக்கத்தில் புரண்டது. அவள் எழுந்து போய்ப் போர்வையைச் சரி செய்தாள். திரும்பி வரவில்லை.

அன்றிலிருந்து அவன் அந்த ஒரே கேள்வியோடு இருந்தான். சாப்பிடும்போது அவள் முகத்தைப் பார்த்தான். அவள் சாதாரணமாக இருந்தாள், ரசம் ஊற்றினாள், குழந்தைக்குத் தலை வாரினாள். நாலரை வருடம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு இருந்தவள். கர்ப்பம் என்று தெரிந்தே அனுப்பினவன் என்று நாலரை வருடம் நினைத்திருப்பாள். அவனுக்கோ அவளை உள்ளே அனுப்பியது பத்து நாள் பழைய விஷயம்தான். மறுபடி ஒரு நாள் கேட்டான். "தூங்குங்க," என்றாள்.

கல்லூரிக்குப் போனான். குருபாதம் எழுந்து நின்று வரவேற்றார்.

"வாங்க தம்பி. குழந்த எப்படி இருக்கு?"

"எழுதாத தாள்ல கையெழுத்து வாங்கிட்டு, எழுதிக்கிட்டீங்க."

"கையெழுத்து ஒங்களுதுதானே?"

"தேதி இல்லாம வாங்குனீங்க."

"போன வருசம் நான் வண்டி எடுத்தப்ப நீங்களும்தான் வாங்குனீங்க," என்றார் குருபாதம். குரலில் கேலி இல்லை. நியாயம் பேசுகிற குரல்தான். "பதினாலு எடம். நான் என்னன்னு கேட்டனா? நம்பித்தானே போட்டேன். கையெழுத்துன்னா அதானே தம்பி, ஒருத்தர ஒருத்தர் நம்புறது."

நன்மாறன் தொழிற்கல்வி ஆணையத்துக்குப் புகார் எழுதினான். கம்பெனி பேர், கல்லூரி பேர், அரிசி, பால்பவுடர், எல்லாம் எழுதினான். 'எனக்குத் தெரியாது' என்ற வார்த்தையை நான்கு இடத்தில் எழுதியிருந்தான். ஆணையம் விசாரணைக்கு நாள் குறித்தது. மாசி பிறந்து பதினைந்து நாள் ஆகியிருந்தது. நாற்பத்திரண்டு காப்பாளர்களுக்கும் நோட்டீஸ் போனது.

விசாரணை நாளில் ஆணைய அலுவலகத்துக்கு எதிரே டீக்கடையில் அல்லாபிச்சை பாய் அவனைக் கூப்பிட்டார். நஸ்ரினின் தகப்பனார். தையல்காரர். கூடத்து வாசலில் ஐந்து நாளும் அவனுக்குப் பக்கத்தில் நின்றவர். புதன்கிழமை அவர்தான் அவனுக்குச் சட்டை கொண்டுவந்து கொடுத்தார்.

"தம்பி, ஒரு விசயம். வருத்தப்படக் கூடாது."

"சொல்லுங்க பாய்."

"எனக்குத் தெரியும்னு எழுதிக் குடுத்துட்டேன்."

நன்மாறன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"நான் மட்டும் இல்ல. எல்லாரும். நேத்து சாயங்காலம் வக்கீல் ஒருத்தரப் போயிப் பாத்தோம். அவர் சொல்றாரு, காப்பாளர் சம்மதம் பொய்யின்னு தீர்ப்பானா, உள்ள இருந்த காலம் சட்டத்துக்கு வெளியே போயிரும். அஞ்சு வருசமும் செல்லாது. முதல் ஆறு மாசமும் சேத்துச் செல்லாது. ஒரே நுழைவு, ஒரே சம்மதம்னு சட்டத்துல இருக்காம். அப்ப பட்டம் கிடையாது. பட்டம் வேணும்னா பிள்ளைங்க மறுபடி ஆறு மாசம் பயிற்சி போகணும்."

"அந்தக் கூடத்துக்கா?"

"கல்லூரி எங்க அனுப்புதோ அங்க." பாய் அவன் கண்ணைப் பார்க்கவில்லை. "நஸ்ரின் இப்பவும் லைட்ட அணைக்க விட மாட்டேங்குது தம்பி. கதவச் சாத்துனா கத்துது. நான் எப்படிய்யா மறுபடி உள்ள போன்னு சொல்லுவேன்? சம்மதம் செல்லும்னா அஞ்சு வருச அனுபவத்தோட பட்டம். நாளைக்கே வேல. கம்பெனி மேல எனக்கு வயிறு எரியாமலா இருக்கு?"

"அப்ப அவங்க செஞ்சது?"

"செஞ்சதுதான்." டீக்குக் காசு கொடுக்க அவன் எழுந்தபோது பாய் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க ஒரு ஆளு மட்டும் தெரியாதுன்னு சொன்னா, ஒங்க ஒருத்தர் பேச்சு நிக்காது. ஆனா ஒங்க வீட்டுப் பொண்ணும் அதையே சொன்னா நின்னுரும். அந்தக் கர்ப்பத் தாள் ஒண்ணு பொய்யின்னு ஆனாப் போதும்னு சொல்றாரு வக்கீல். எல்லாருடையதும் சேந்து விழுந்துரும்."

நன்மாறன் கையை விடுவித்துக்கொண்டான். சாலையைத் தாண்டினான். செவ்வந்தி குழந்தையோடு முன்னாலேயே வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நஸ்ரின், இன்னும் நாலைந்து பெண்கள். அவர்கள் ஏதோ பேசிக்கொண்டிருந்து, அவனைக் கண்டதும் நிறுத்தினார்கள். தாரணி மட்டும் "சார் வந்துட்டாரு," என்றது.

விசாரணை அலுவலர் ரெஜினா வயதானவர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைப்பவர். மேசையின் ஒரு பக்கம் குருபாதமும் கம்பெனியின் வக்கீலும். முதலில் அவனைக் கூப்பிட்டார்கள். நின்றபடியே சொன்னான். கிளார்க் விரித்துப் பிடித்த நாலு தாள். தேதி போடாதீங்க என்றது. வெறுந்தாளாக இருந்தது.

"நீங்க படிச்சவர்தானே?" என்றார் ரெஜினா.

"ஆமாம் மேடம். பி.காம்."

"வெறுந்தாள்னு தெரிஞ்சே போட்டீங்களா?"

"எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க மேடம்."

"ஒங்க மனைவி கர்ப்பமா இருந்தது ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"ஐந்து வருடம் என்பது?"

"தெரியாது."

ரெஜினா எழுதிக்கொண்டார். "ஒங்களத் தவிர நாற்பத்தோரு பேரும் தெரியும்னு சொல்லியிருக்காங்க. பரவாயில்ல. ஒங்க மனைவி சொல்லட்டும். பாதிக்கப்பட்டது அவங்கதான்."

செவ்வந்தி உள்ளே வந்தாள். அவனைத் தாண்டித்தான் போனாள். உள்ளே பிறந்த குழந்தையைப் பற்றி, அரிசியைப் பற்றி, எல்லாவற்றையும் ரெஜினா கேட்டார். ஒவ்வொன்றுக்கும் சுருக்கமாகப் பதில் சொன்னாள். குருபாதம் மேசையில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"கடைசியா ஒண்ணும்மா. யோசிச்சுச் சொல்லுங்க. இந்தத் தாள்ல இருக்கறது ஒங்க கணவருக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் மேடம்," என்றாள்.

"அவர் தெரியாதுன்னு சொல்றாரே?"

"இப்ப பயந்துக்கிட்டுச் சொல்றாரு. அப்பவே எங்கிட்ட சொன்னாரு. அஞ்சு நாள்தானே, போயிட்டு வான்னாரு. பிள்ளையப் பத்தியும் தெரியும். ரெண்டு பேரும் சேந்துதான் முடிவு செஞ்சோம்."

கம்பெனி வக்கீல் பேனாவை மூடினார். ரெஜினா கண்ணாடியைக் கழற்றி நன்மாறனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அருவருப்புதான் இருந்தது. பிள்ளைத்தாய்ச்சியைத் தெரிந்தே பூட்டி வைத்துவிட்டு, இப்போது பொய்ப் புகாரும் கொடுத்த ஒருவனைப் பார்க்கிற பார்வை.

"புகார் தள்ளுபடி," என்று எழுதினார். "பயிற்சிக் காலம் செல்லும்."

வராந்தாவில் பெண்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். நஸ்ரின் வந்து செவ்வந்தியின் கையைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டாள். ஒருத்தியின் தாய் நன்மாறனைக் கடக்கும்போது சேலையை ஒதுக்கிக்கொண்டு நடந்தாள். காலையில் தனக்கு அனைத்தும் தெரியும் என்று கையெழுத்துப் போட்டவள்தான் அவள். அவளுக்கும் அவனுக்கும் நடுவே இருந்த வித்தியாசம் அந்தக் கர்ப்பத் தாள் ஒன்றுதான்.

தாரணியை நஸ்ரின் குடை பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் எதிர்க் கடையில் மிட்டாய் வாங்கிக் கொடுத்தாள். கூட்டம் கலைந்தது. அல்லாபிச்சை பாய் தூரத்திலிருந்து கையைத் தூக்கினார், பிறகு தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலையைத் தடவிக்கொண்டு போனார். வராந்தா பெஞ்சில் நன்மாறன் உட்கார்ந்திருந்தான். செவ்வந்தி வந்து ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்தாள்.

"கேக்க மாட்டீங்களா?" என்றாள்.

"என்னத்த?"

"தெனமும் கேப்பீங்களே."

அதைக் கேட்க இனி அவனுக்கு என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. அவள் தூரத்தில் குடையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அந்தத் தாளப் பாத்த அன்னைக்கு ஒங்களக் கொன்னு போட்டிருப்பேன். ஒரு மாசம் அதே நெனப்புதான். அப்புறம் இவ பொறந்தா. பால் குடுத்துக்கிட்டு, சுவரப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தேன். திடீர்னு சிரிப்பு வந்துருச்சு. ஒங்க அம்மா மருந்துச் சீட்டக்கூட நான்தானே படிச்சுச் சொல்லணும். கேஸ் புக்கு, ரேஷன் பாரம், கல்யாண மண்டபத்து ரசீது, எதையாச்சும் படிச்சிருக்கீங்களா?"

"செவ்வந்தி..."

"நீங்க தெரிஞ்சு செய்யற ஆளு இல்லைங்க. படிக்காமச் செய்யற ஆளு. அது எனக்கு அப்பவே தெரியும். நாலு வருசமாத் தெரியும்."

அவள் எழுந்து முந்தானையை உதறிவிட்டு, குழந்தையைக் கூப்பிடச் சாலையை நோக்கிப் போனாள்.

இத்தனை நாளாக அவன் கேட்டுக்கொண்டிருந்த பதில் அதுதான். வராந்தாவில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். அதைக் கேட்டவர்கள் வேறு யாரும் இல்லை.